ஒன்பது பேருக்கு அர்ச்சனை

உ

சேவூர், ஆரணி
18.7.2025, ஆடி முதல் வெள்ளி

அன்புள்ள மாமாவுக்கு,

சசிகலா எழுதுகிறேன். ஆடிக் காற்று தெருவையே தூக்கிக்கொண்டு வந்து வீட்டுக்குள் கொட்டுகிறது. அதைக் கூட்டித் தள்ளிக்கொண்டு நானும் தீனாவும் நன்றாகத்தான் இருக்கிறோம். அங்கே மழை பிடித்துவிட்டதா? சுரங்கத்துக்குள் தண்ணீர் ஊறுகிற காலம் இது என்பீர்கள். நனைந்த பூட்ஸையே மறுநாளும் மாட்டிக்கொண்டு போகாதீர்கள்.

டவர் சரியில்லை, இனிமேல் கடிதம் எழுது என்று சொல்லிவிட்டீர்கள். கல்யாணமான புதிதில் எழுதியதோடு சரி. அஞ்சாவதோடு நின்று, மளிகை மடித்து வந்த பேப்பரைப் படித்தே எழுத்தைப் பிடித்தவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மேலே பிள்ளையார் சுழி போட்டிருக்கிறேன். பகுத்தறிவுக்காரர் அந்த ஓரத்தை மடித்துவிட்டுப் படிக்கலாம்.

தீனா அதே பட்டுக் கடையில்தான் இருக்கிறான். நாளெல்லாம் புடவையைப் பிரித்துப் படம் எடுத்து அனுப்புகிறான், திரும்ப மடிக்கிறான். போன வாரம் கடைக்கு வந்த தெலுங்குக்காரர் ஒருவர் அவன் மனதில் ஒரு விதையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். உங்கள் சுரங்கக் கம்பெனியில், இனி இவரால் வேலை செய்ய முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு வேலை கொடுப்பார்களாமே. அன்று ராத்திரி தட்டில் கை வைத்துக்கொண்டே என்னைக் கேட்கிறான்: "அப்பாவுக்கு முட்டி வலி, இடுப்பு வலி, எதுனா இருக்குதாம்மா?"

கரண்டியால் ஒன்று வைத்தேன். சிரித்துக்கொண்டான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நான் நடுவே பேச்சை நிறுத்தினேன். வேண்டுமென்றுதான். வாயைத் திறக்காமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் "ம்ம்" என்றீர்கள். "சரி, சரி" என்றீர்கள். "அப்டியே செய், எனக்கு ஒண்ணுமில்ல" என்றும் சொன்னீர்கள். மாமா, நான் ஒன்றுமே சொல்லவில்லை.

டவர்மேல் பழி போடாதீர்கள். உங்களுக்குக் காது கேட்கிறதா, இல்லையா? ஒரு வரியில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம். எனக்கு வருவதையெல்லாம் தீனாதான் முதலில் திறந்து பார்க்கிறான்.

உங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
சசிகலா

---

நாகுலகுட்டா சுரங்கக் காலனி
27.7.2025

அன்புள்ள சசி,

ஒரு வரி கேட்டாய். கேட்கவில்லை.

இடது காதில் ஒன்றுமே இல்லை. வலது பக்கம் ஆள் நெருங்கி வந்து பேசினால் ஏதோ கொஞ்சம் வருகிறது. துளை போடும் மெஷினை அணைத்துப் பிடித்த வருடங்களும் வெடிச் சத்தமும் சேர்ந்து எடுத்துக்கொண்டுவிட்டன. கடைசியாகக் கம்பெனி டாக்டர் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. அதன் பிறகு மளமளவென்று இறங்கிவிட்டது.

என் வேலையைப் பற்றி நீ எத்தனையோ முறை கேட்டிருக்கிறாய். "சர்தார்" என்று சொல்லி முடித்துவிடுவேன், நீ "தலப்பா எங்க?" என்று சிரிப்பாய். இன்று விவரமாகவே எழுதுகிறேன். இங்கே சர்தார் என்றால் ஒரு குழுவுக்குப் பொறுப்பானவன். என் குழுவில் ஒன்பது பேர். நிலக்கரி வெட்டும் இடத்தில் வெடி வைத்துப் புகை அடங்கியதும் முதலில் உள்ளே போகிறவன் நான். பூண் போட்ட கழியால் தலைக்கு மேலே இருக்கும் கூரையைத் தட்டிக்கொண்டே போவேன். கல் கெட்டியாக இருந்தால் கணீர் என்னும். உள்ளே பிளந்து தொங்கிக்கொண்டிருந்தால் பொத்தென்று ஒலிக்கும். நான் சரி என்று சொன்ன பிறகுதான் அந்த ஒன்பது பேரும் அதற்குக் கீழே வந்து நிற்பார்கள்.

உடனே நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே. காது போனாலும் கை இருக்கிறது. ஒரு கையால் தட்டும்போது இன்னொரு உள்ளங்கையைக் கூரையில் வைத்தால் அதிர்வு தெரியும். பழைய ஆட்கள் எல்லாரும் கையையும் வைத்துத்தான் பார்ப்பார்கள்.

தை வரைக்கும்தான் சசி. தையில் எனக்குக் கம்பெனி வைத்திருக்கும் வயது வரம்பு தாண்டிவிடும். அதற்குமேல் டாக்டர் என்ன எழுதினாலும் பிள்ளைக்கு வேலை கிடையாது. இந்தக் காலனியில் பாதிப் பேர் இல்லாத நோயைத் தேடி அலைகிறார்கள், மகனுக்கு வேலை வரட்டும் என்று. இருக்கிற நோயை மறைத்துக்கொண்டு திரிகிறவன் நான் ஒருவன்தான். சங்கத் தேர்தல் வந்தால் எல்லாக் கொடியும் வாரிசு வேலையைத்தான் பேசுகிறது. கூரையைப் பற்றிப் பேசி யாரும் ஓட்டுக் கேட்பதில்லை.

நான் இறங்கிய முதல் வருடம் ஒருவன்மேல் கல் விழுந்தது. அவனுடைய சாப்பாட்டு டப்பாவை அவன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். டப்பா கழுவாமல் இருந்தது. அவன் பெண்சாதி அதை வாங்கி, மூடியைத் திறந்து பார்த்து, "இன்னிக்கு மிச்சம் வைக்கல" என்றாள். விஷயம் அவளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

தீனாவை நான் இந்தக் குழிக்குள் இறக்க மாட்டேன். தை வரை நீ வாயைத் திறக்காதே.

உன்
செழியன்

---

உ

சேவூர்
4.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மன் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க அதன் பக்கமே போகவில்லை. பிறகு எடுத்து மறுபடி படித்தேன். உள்ளங்கை என்று எழுதியிருந்த இடத்தில் நின்றேன்.

நேற்று ஆடிப் பதினெட்டு, ஞாயிறு. நம் தெரு அம்மனுக்குக் கூழ் வார்த்தோம். அதற்குப் புதுப் பானை வாங்க சனிக்கிழமை ஆரணிக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். பானையை எப்படி வாங்குவோம் என்று உங்களுக்குத் தெரியும். விரலால் சுண்டிப் பார்ப்போம். விரிசல் இல்லாவிட்டால் கணீர் என்னும், இருந்தால் கரகரக்கும். உங்கள் கூரைக்கும் என் பானைக்கும் ஒரே பாஷை.

இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டேன். மேலே முந்தானையைப் போர்த்திக்கொண்டேன். ஒரு கையால் தட்டி, இன்னொரு உள்ளங்கையைப் பானையின் மறுபக்கம் வைத்து, நீங்கள் எழுதியிருந்தபடியே பார்த்தேன். ஒவ்வொரு பானையாக எடுத்து அணைத்துத் தட்டினேன். கடைக்காரச் சின்னம்மா என்னையே பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னாள், சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பஞ்சை எடுத்த பிறகு எனக்காக மறுபடி ஒரு தடவை சொன்னாள்: "இன்னாம்மா, பானை வாங்க வந்தியா, மேளம் அடிச்சிகினு போக வந்தியா?"

என் கை தேர்ந்தெடுத்த பானையைச் சுண்டிப் பார்க்காமல் அப்படியே வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்கு நம்பிக்கைதான். அதிர்வு கைக்கு நன்றாகத் தெரிந்தது என்று நீங்கள் சத்தியம் செய்வதுபோல நானும் செய்திருப்பேன்.

கூழை ஆற வைத்து அதில் ஊற்றி, வேப்பிலை கட்டி, தலையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். பாதித் தெருவில் கழுத்தில் ஈரம் பட்டது. இறக்கி வைப்பதற்குள் பானை இரண்டாகப் பிரிந்தது. அம்மனுக்கு ஏதோ கோபம் என்று நாலு பேர் சொன்னார்கள். அம்மனுக்குக் கோபம் இல்லை, எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்த பித்தளைத் தவலையில் கூழ் எடுத்துப்போய் வார்த்தேன்.

ராத்திரி கணக்கு எழுதும்போது "பானை, உடைந்தது" என்று எழுதினேன். கீழே, "காரணம்: கையை நம்பியது" என்றும் எழுதினேன். என் கணக்கு நோட்டில் காரணம் என்று ஒன்றை எழுதியது இதுதான் முதல் தடவை.

மாமா, என் தலையில் கொட்டியது கூழ்.

ஒரு வேலை சொல்கிறேன். ஆடி முடிவதற்குள் படவேட்டுக்குப் போய் ரேணுகாம்பாளுக்கு அர்ச்சனை செய்யப் போகிறேன். உங்கள் பேருக்கு இல்லை. நீங்கள் சரி என்று சொன்ன இடத்தில் வந்து நிற்கிறார்களே, அந்த ஒன்பது பேருக்கு. அவர்கள் பெயரும் நட்சத்திரமும் வேண்டும். நீங்களே ஒவ்வொருவரிடமும் நேரில் கேட்டு எழுதுங்கள். சாமி இல்லை என்று என்னிடம் வாதாட வேண்டாம். பெயர் கேட்கச் சாமி தேவையில்லை.

தங்கள்
சசிகலா

---

நாகுலகுட்டா
16.8.2025

அன்புள்ள சசி,

நேற்று சுரங்க வாசலில் கொடியேற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள், பாதுகாப்பைப் பற்றி மேடையில் பேசினார்கள். கை தட்டும்போது எல்லாரையும் பார்த்து நானும் தட்டினேன்.

முடிந்ததும் டீக்கடையில் என் ஆட்கள் இருந்தார்கள். உன் பேச்சைக் கேட்டு, வெட்கத்தை விட்டு, நட்சத்திரம் கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருடம் விபூதி வைத்தவனைக் கிண்டல் செய்த ஆள் நான். கனகய்யா பூசம் என்றார். ஓதெலுவுக்குத் தெரியவில்லை, அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான். பாஷா, எனக்கு நட்சத்திரம் இல்லை, பேரை மட்டும் சொன்னால் உங்கள் அம்மன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றான்.

ராஜேஷ் மட்டும் சொல்லவில்லை. என் தோளைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். என்னிடம் இருப்பவர்களிலேயே கெட்டிக்காரன் அவன். சர்தார் பரீட்சை எழுதித் தேறிவிட்டு அந்தப் பதவிக்காகக் காத்திருக்கிறான். வலது காதில் வாயை வைத்துத் தெலுங்கில் அவன் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"அர்ச்சனை எல்லாம் எதுக்கு சார்? உங்களுக்குக் காது கேக்கலன்னு எங்களுக்கு எப்பவோ தெரியும். நீங்க தட்டிட்டு அந்தாண்ட திரும்பனதும் நாங்க மறுபடியும் தட்டிப் பாத்துகினுதான் உள்ள வர்றோம்."

போன மாதம் நான் சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பிய ஒரு இடத்தில், கட்டில் அகலத்துக்கு ஒரு கல்லை அவர்கள் நெம்பி இறக்கியிருக்கிறார்கள். நான் பத்தடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேனாம். அது விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

ஏண்டா சொல்லவில்லை என்றேன். ஒரு தடவை உள்ளே வாயு சேர்ந்திருந்தபோது, மேலிருந்து நெருக்கியும் ஆட்களை இறக்க மாட்டேன் என்று நான் நின்றேனே, அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். "எங்களுக்காவ நின்ன ஆளு நீங்க. உங்கள எப்டி சார் காட்டிக் குடுக்கறது?" என்றான்.

சசி, உன் பானை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஆனால் டாக்டரிடம் போனால் தீனா இங்கே வந்து இறங்குவான். போகாவிட்டால் இவர்கள். எந்தப் பக்கம் காலை வைத்தாலும் எனக்குக் குழிதான். உனக்குத் தோன்றுவதை எழுது.

பெயர்களைத் தனித் தாளில் எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன். ராஜேஷுக்கு அவிட்டம். கடைசியில் சொல்லிவிட்டான்.

உன்
செழியன்

---

உ

சேவூர்
23.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஆடி தாண்டிவிட்டது. இருந்தாலும் நேற்று ஆவணி வெள்ளியில் படவேட்டுக்குப் போய் ஒன்பது பெயரையும் சொல்லி அர்ச்சனை செய்தேன். பாஷா பெயர் வந்தபோது குருக்கள் ஒரு நொடி நிமிர்ந்தார். "சொல்லுங்க சாமி, அவரு தலைக்கு மேலயும் கல்லுதான் இருக்குது" என்றேன். சொன்னார்.

இன்னொன்றும் செய்தேன். நீங்கள் திட்டுவீர்கள். தீனாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காது, தை மாதம், கட்டில் அகலக் கல், ஒன்றையும் விடவில்லை.

சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோனான். அப்பாவுக்கு என்னைப் பற்றி ஒரு நினைப்பும் கிடையாது என்று தெருவரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினான். உன்னைப் பற்றி மட்டும்தான்டா நினைப்பு என்று நானும் கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து உட்கார்ந்து, தணிந்த குரலில் சொன்னான்: "வேணாம்னு சொல்ல எனக்கும் வாய் இருக்குதும்மா. அவரு கேட்டாத்தான?"

ராத்திரி முழுக்க அந்த வார்த்தையோடுதான் படுத்திருந்தேன். அவன் சொன்னது சரி மாமா. நம் மகனுக்கு வாய் இருக்கிறது. வேலை வந்தாலும் அவன் வேண்டாம் என்று சொல்லலாம். போகிறேன் என்றாலும் தெரிந்துதான் போவான். நீங்கள் தட்டிச் சரி என்று சொன்ன இடத்தில் நிற்கிறவனுக்கு அந்த வாய் இல்லை.

அவர்கள் மறுபடி தட்டிப் பார்க்கிறார்கள் என்று நீங்கள் மனதைத் தேற்றிக்கொள்வீர்கள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. உங்கள்மேல் வைத்த மரியாதையில் தங்கள் தலையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நாளைக்குப் புதிதாக ஒருவன் வந்து சேருவான். சர்தார் சரி என்றாரே என்று அவன்பாட்டுக்கு நடந்து முன்னால் போவான். அவனுடைய டப்பாவை யார் எடுத்துக்கொண்டு போவது? அதன் மூடியைத் திறந்து பார்க்கிறவளுக்கு நான் என்ன அர்ச்சனை செய்ய?

எனக்கு மகன்மேல் ஆசை இல்லை என்று நினைக்காதீர்கள். ஒன்பது தாய்க்குப் பதில் சொல்ல முடியாத இடத்தில் நின்றுகொண்டு என் ஒருத்தன் பத்திரமாக இருக்கட்டும் என்று அம்மனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே டாக்டரிடம் போங்கள். போனேன் என்று பதில் வரவில்லையென்றால் காட்பாடியில் ரயில் ஏறி நானே வருவேன். தெலுங்கு தெரியாது. மேனேஜர் மேஜைமேல் ஒரு பானையை வைத்துத் தட்டிக் காட்டுவேன்.

தங்கள்
சசிகலா

---

நாகுலகுட்டா
3.9.2025

சசி,

ரயில் ஏற வேண்டாம். போனேன்.

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துக் காதில் மாட்டிவிட்டார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் பொத்தானை அழுத்துவது தெரிந்தது. அவள் கையைப் பார்த்தே தூக்கியிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டேன். விரல் முழங்கால்மேலேயே இருந்தது.

மேனேஜரிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டியதை வாயசைவிலேயே படித்துக்கொண்டேன். திட்ட வேண்டியதுதான். அன்றே என்னை மேலே, இறங்குகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கும் லேம்ப் ரூமில் போட்டுவிட்டார்கள். பெரிய டாக்டர்கள் பார்த்து முடிவு எழுத இரண்டு மாதம் ஆகும். கழியை ராஜேஷ் கையில் கொடுத்தேன். அதுவரை சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் அண்ணா என்றான். அவன் உதட்டில் பார்த்தேன்.

இப்போது நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தீனாவை அனுப்பாதே.

செழியன்

---

உ

சேவூர்
14.11.2025, வெள்ளி

அன்புள்ள மாமாவுக்கு,

டாக்டர்கள் எழுதிவிட்டார்கள் என்று கம்பெனித் தாள் வந்தது. கூடவே வாரிசுக்கான தாளும் வந்தது. உங்கள் கையெழுத்தில் இரண்டு மாதமாக ஒன்றும் வரவில்லை. கோபம் என்று தெரிகிறது. இருந்தாலும் நடந்ததை நான்தான் எழுத வேண்டும்.

தாளை தீனா முன்னால் வைத்து நீங்கள் கேட்டதை அப்படியே சொன்னேன். அந்த டப்பா கதையையும் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லடா என்று என் பங்குக்குக் கெஞ்சவும் செய்தேன். அதை மறைக்க மாட்டேன். ஒரு வாரம் கடைக்குப் போனான், வந்தான். எட்டாம் நாள் கையெழுத்துப் போட்டான். "அப்பா பயந்தது கூரைக்கில்லம்மா, தட்டறவன் சரியா இல்லன்னாதான். இப்ப தட்டறவனுக்கு நல்லா கேக்குது இல்ல?" என்றான். அதற்குப் பதில் உங்களுக்குத்தான் தெரியும்.

நீங்கள் கேட்ட ஒன்றை என்னால் செய்து கொடுக்க முடியவில்லை. அதற்கு என்னைக் கோபித்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகச் சொன்னதற்கு மட்டும் நான் வருத்தப்பட மாட்டேன், இன்றைக்கும் இல்லை, நாளைக்கு எது நடந்தாலும் இல்லை.

முதலில் பயிற்சி, பிறகு அதே சுரங்கம் என்று தாளில் போட்டிருக்கிறது. அவனை ராஜேஷின் குழுவில் கேட்டு வாங்குங்கள். காலனியை விட்டுக் கிளம்புவதற்குள் இன்னொன்றும் செய்யுங்கள். ராஜேஷை அதே டாக்டரிடம், அதே கண்ணாடி அறையில் உட்கார வைத்துவிட்டு வாருங்கள். இப்போது மட்டும் போதாது, வருடா வருடம் உட்காரச் சொல்லுங்கள். அண்ணனுக்கு நம்பிக்கை இல்லையா என்று அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டால் தூக்கிக்கொள்ளட்டும். உங்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து எல்லா சர்தாருக்கும் அப்படிச் செய்ய வேண்டும் என்று கேளுங்கள். உங்களுக்கு அவர்கள் பேசுவதுதான் கேட்காது, நீங்கள் பேசினால் அவர்களுக்குக் கேட்கும்.

தீனாவிடமும் சொல்லிவிட்டேன். சர்தார் தட்டின பிறகு நீ மரியாதைக்காக மறுபடி தட்டாதே, சந்தேகம் வந்தால் முகத்துக்கு நேராகக் கேள் என்று.

தீபத்துக்குள் வந்துவிடுங்கள். வந்த பிறகு நமக்குக் கடிதம் எதற்கு? நான் மெதுவாகப் பேசுகிற ஆளா என்ன. தெருவுக்கே கேட்கும், உங்கள் வலது காதுக்கும் கொஞ்சம் வந்து சேரும்.

இன்று காலை படவேட்டுக்குப் போய்வந்தேன். குருக்களுக்கு இப்போது பாஷா பெயர் பழகிவிட்டது, தானாகவே சொல்கிறார். ஒன்பதையும் சொல்லி முடித்துத் தட்டைத் திருப்பப் போனார். இருங்க சாமி, இன்னும் ஒருத்தர் என்றேன்.

தீனா, பூர நட்சத்திரம்.

தங்கள்
சசிகலா